75,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போடலாமா?

தம்பி கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மச்சானுக்கு வயது 30, ஊர் அரியலூர் பக்கம். கோயம்புத்தூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் சென்ட்ரிங் வேலை. 2025 ஜூலையில் இரண்டாவது மாடியில் ஷீட் அடுக்கும்போது முட்டு சரிந்து கீழே விழுந்தார். வலது குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது, முதுகெலும்பிலும் ஒரு முறிவு. ஆஸ்பத்திரிச் செலவை மேஸ்திரி பார்த்துக்கொண்டார். இப்போது அவர், "75,000 தருகிறேன், இனிமேல் எந்தப் பாத்தியதையும் இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடு" என்கிறார். பில்டரோ, "அவர் மேஸ்திரி ஆள், எனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை" என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா, வழக்குப் போட்டால் ஏதாவது தேறுமா என்பதுதான் கேள்வி.

கையெழுத்து வேண்டாம். ஏன் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன், ஏனென்றால் இது யாரும் மனம் இரங்கிக் கொடுக்கிற பணம் இல்லை. வாய்ப்பாடு மாதிரி ஒரு கணக்கு சட்டத்திலேயே இருக்கிறது.

விபத்து 2025 ஜூலையில் நடந்ததால், இதற்குப் பொருந்துவது 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். முன்பு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்றிருந்தது, 2009 திருத்தத்தில் பெயர் மாறியது. அந்தப் பழைய ஆங்கிலப் பெயரின் (ஒர்க்மென்ஸ் காம்பன்சேஷன்) சுருக்கமாக, கோர்ட் வட்டாரத்தில் இன்னமும் டபிள்யூ.சி. கேஸ் என்றுதான் சொல்வார்கள். முழு ஊனம் என்றால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்கு ஏற்ற ஒரு காரணியால் பெருக்க வேண்டும். மரணம் என்றால் 50 சதவீதம். 30 வயதுக்கான காரணி 207.98. இதுவே 40 வயது என்றால் 184.17, 50 என்றால் 153.09. வயது குறைய குறையத் தொகை கூடும், இழந்த உழைப்புக் காலம் நீளம் என்பதால்.

சம்பளத்தில்தான் ஒரு வெட்டு விழும். மச்சான் நாளுக்கு 1,000 ரூபாய் வாங்கினார், மாதம் 26 நாள் வேலை பார்த்தார் என்றால் 26,000. ஆனால் இந்தச் சட்டத்தின் கணக்குக்கு மாதச் சம்பளம் அதிகபட்சம் 15,000 ரூபாய்தான். 2020 ஜனவரியில் அப்படி நிர்ணயித்தார்கள், அதற்கு முன் வெறும் 8,000. இன்றைக்குச் சித்தாள் கூலியே அந்த உச்சவரம்பைத் தாண்டிவிடுகிறது. எனக்கு இதில் கோபம் உண்டு, அது வேறு கதை. இருக்கிறதை வைத்துப் போடுவோம்.

15,000-இல் 60 சதவீதம் 9,000. அதை 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820 ரூபாய். இது நூற்றுக்கு நூறு ஊனத்துக்கு. டாக்டர் சம்பாதிக்கும் திறனில் 35 சதவீதம் போய்விட்டது என்று எழுதி, அது ஏற்கப்பட்டால் 6,55,137 ரூபாய். இழப்பீடு கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வருடத்துக்கு 12 சதவீதம் வட்டியும் சேரும். அந்த 6,55,137-க்கு ஒரு வருட வட்டி மட்டுமே 78,616 ரூபாய். மேஸ்திரி மொத்தமாக முடித்துக்கொள்ளலாம் என்று நீட்டுகிற தொகை ஒரு வருட வட்டிக்குக்கூடக் காணாது.

போதுமான காரணமில்லாமல் இழுத்தடித்தால் இழப்பீட்டில் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். அது முதலாளி கையிலிருந்து வர வேண்டியது, இன்ஷூரன்ஸ் கம்பெனி தராது. ஆஸ்பத்திரிச் செலவு தனி. 2009 திருத்தத்துக்குப் பிறகு வேலையில் பட்ட காயத்துக்கான சிகிச்சைச் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும். அதனால், "ஆஸ்பத்திரிக்கே ரெண்டு லட்சம் செலவு பண்ணிட்டேன், அதைக் கழிச்சுக்கோ" என்று மேஸ்திரி சொன்னால் கழிக்க வேண்டியதில்லை.

சரி, கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் பல கேஸ் தோற்கிறது? சட்டம் தெரியாததால் தோற்றதை நான் அதிகம் பார்த்ததில்லை. விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எழுதிய ஒரு வரியால் தோற்றதைத்தான் பார்த்திருக்கிறேன்.

காயம்பட்டவரைக் கேஷுவாலிட்டிக்குக் கொண்டுபோனதும் டூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்பது அதன் நகல்தான். யார் கொண்டுவந்தார், எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி அடிபட்டது என்று நாலைந்து வரி, பெரும்பாலும் ஆங்கிலத்தில், அவசரக் கையெழுத்தில். அடிபட்டவர் வலியில் கத்திக்கொண்டிருப்பார். பதில் சொல்கிறவர் கூட வந்தவர், அதாவது மேஸ்திரியோ சூப்பர்வைசரோ. சைட் பேரைச் சொன்னால் போலீஸ் வரும், வேலை நிற்கும், பில்டர் கோபித்துக்கொள்வார். அதனால், "பைக்கிலிருந்து விழுந்துட்டார் சார்", "வீட்டு மாடிப்படியில வழுக்கிட்டார் சார்". டாக்டர் கேட்டதை எழுதிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். எட்டு மாதம் கழித்து விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு கொத்தனார், லிஃப்ட் குழியில் விழுந்தவர். அவருடைய ஏ.ஆர். பதிவில் வீட்டில் விழுந்ததாக இருந்தது. அவரைக் காப்பாற்றியது என்ன தெரியுமா? பதிவில் இருந்த நேரம், காலை 11:20. கொண்டுவந்தவர் என்ற இடத்தில் சைட் சூப்பர்வைசர் பெயர். வேலை நாளில், வேலை நேரத்தில், ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வீட்டில் விழுந்தவரை சைட் சூப்பர்வைசர் எப்படித் தூக்கிக்கொண்டு வந்தார் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

ஆகவே முதல் வேலை, சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரியில் மருத்துவப் பதிவுப் பிரிவுக்குப் போய் ஏ.ஆர். காப்பியும் டிஸ்சார்ஜ் சம்மரியும் வாங்குவது. அரசு ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முதலுதவி நடந்திருந்தால் அங்கேயும் வாங்குங்கள். முதல் பதிவுக்குத்தான் மதிப்பு அதிகம். அதில் தவறாக இருந்தால் திருத்தச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், திருத்தினால் அதுவே சந்தேகமாகிவிடும். அப்படியே வைத்துக்கொண்டு மற்ற ஆதாரங்களால் உடைக்க வேண்டும். போலீஸில் எஃப்.ஐ.ஆர். இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் இழப்பீடு கேட்க அது கட்டாயம் இல்லை.

அடுத்து, அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கும் சம்பளத்துக்கும் சாட்சியம். கட்டட வேலையில் யாரும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கொடுப்பதில்லை, மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பேர் இருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. சனிக்கிழமைச் சம்பளத்தை நிறைய மேஸ்திரிகள் ஜிபேயில் போட்டுவிடுகிறார்கள். ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே பெயரிலிருந்து வந்த தொகைக்குக் கீழே கோடு போடுங்கள். அதைவிட நல்ல சம்பளப் பதிவேடு கிடைக்காது. கையில் வாங்கியிருந்தால் கூட வேலை பார்த்த ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். அவருக்கு அதே மேஸ்திரியிடம் நாளைக்கும் வேலை வேண்டுமே என்கிற பயம் இருக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. வேறு சைட்டுக்கு மாறிப்போன ஆளைத் தேடுங்கள்.

இப்போது அந்த 35 சதவீதத்துக்கு வருகிறேன். ஏமாறுகிற இன்னொரு இடம் அதுதான்.

சட்டத்தின் முதல் அட்டவணையில் சில காயங்களுக்கு விகிதம் போட்டிருக்கிறார்கள். ஒரு கட்டைவிரல் போனால் 30 சதவீதம், மறு கண் நன்றாக இருந்து ஒரு கண் மட்டும் போனால் 40. குதிகால் முறிவும் முதுகெலும்பு முறிவும் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத காயத்துக்குத் தகுதியுள்ள மருத்துவர் ஒருவர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவர் மதிப்பிட வேண்டியது கால் எவ்வளவு மடங்குகிறது என்பதை மட்டும் இல்லை. இந்த ஆள் சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போய்விட்டது என்பதை. இரண்டும் வேறு வேறு. குதிகால் சரியாக ஊன்றாத ஒருவர் மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதலாம். சென்ட்ரிங் வேலைக்காரர் என்ன செய்வார்? சாரத்தில் ஏற வேண்டும், ஒற்றைப் பலகையில் நிற்க வேண்டும், குந்தி உட்கார்ந்து ஆணி அடிக்க வேண்டும், ஷீட்டைத் தோளில் வாங்க வேண்டும். இதில் எதுவுமே முடியாதவருக்கு 35 என்பது யாருடைய கணக்கு?

இதற்கு ஒரு பழைய தீர்ப்பு இருக்கிறது, இந்தத் துறையில் எல்லாரும் சொல்கிற தீர்ப்பு. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபதா, உச்ச நீதிமன்றம், பிறகு வந்த எத்தனையோ வழக்குகளுக்கு அடித்தளம். ஒடிசாவைச் சேர்ந்த வழக்கு. சபதா ஒரு தச்சர். சினிமா தியேட்டர் ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்தார். இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டது. ஒரு கைதானே போயிற்று, பகுதி ஊனத்துக்கான தொகைதான் தர வேண்டும் என்று முதலாளி உச்ச நீதிமன்றம் வரை போனார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அவர் செய்துகொண்டிருந்த வேலைக்கு இனி லாயக்கில்லை, ஆகவே இது முழு ஊனம்தான் என்ற இழப்பீட்டு ஆணையரின் (இந்த வழக்குகளை முதலில் விசாரிக்கிற அதிகாரி) முடிவை நீதிமன்றம் உறுதிசெய்தது. இழப்பீடு தர வேண்டிய கடமை ஆணையர் உத்தரவு போட்ட நாளில் பிறப்பதில்லை, காயம்பட்ட நாளிலேயே பிறந்துவிடுகிறது என்பதும் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது. வட்டிக் கணக்குக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மேலே பார்த்தீர்கள்.

அதற்காக மச்சானுக்கு நூறு சதவீதம் உறுதி என்று நான் சொல்லவில்லை. "வேறு வேலை பார்க்கலாமே" என்று கேட்பார்கள், ஆணையர் 50, 60 என்று நிற்கலாம். 60 என்றாலே 11,23,092 ரூபாய். டாக்டரிடம் போகும்போது வெறும் எக்ஸ்-ரேயோடு போகாமல் என்ன வேலை பார்த்தார், அதில் எதெல்லாம் இப்போது முடியவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சான்றிதழில் அந்த விவரம் வர வேண்டும். பிறகு அந்த டாக்டர் ஆணையர் முன் வந்து சாட்சி சொல்வாரா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் மட்டும் கொடுத்துவிட்டு வர மறுக்கிற டாக்டரால் பிரயோஜனம் இல்லை.

பில்டர் "எனக்குச் சம்பந்தமில்லை" என்பது. 12-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஒருவர் தன் தொழிலின் வழக்கமான பகுதியாக இருக்கிற வேலையைக் கான்ட்ராக்டர் மூலம் செய்தால், அந்தக் கான்ட்ராக்டர் வைத்த ஆளுக்கும் அவர் நேரடியாக வைத்த ஆளைப் போலவே இழப்பீடு தர வேண்டும். கட்டடம் கட்டி விற்பதே தொழிலாக உள்ளவருக்கு சென்ட்ரிங் போடுவது தொழிலின் பகுதி இல்லாமல் வேறென்ன? கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்வது அவர் பாடு. மனுவில் மேஸ்திரி, பில்டர் இருவரையும் சேருங்கள். பில்டரிடம் டபிள்யூ.சி. பாலிசி இருக்கும் வாய்ப்பு அதிகம். இருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும், பணம் கைக்கு வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

இதே இடத்தில் ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. சொந்தமாகக் குடியிருக்க வீடு கட்டுகிறவர் மொத்தமாக ஒரு கான்ட்ராக்டரிடம் விட்டிருந்தால், வீடு கட்டுவது அவர் தொழில் இல்லை என்பதால் 12-ஆவது பிரிவில் அவரைப் பிடிப்பது கடினம். அங்கே கான்ட்ராக்டர்தான் பொறுப்பு. ஆனால் வீட்டுக்காரரே நாள் கூலிக்கு ஆள் கூப்பிட்டு, தானே சம்பளம் கொடுத்து வேலை வாங்கியிருந்தால் அவரே முதலாளி ஆகிவிடுவார். தற்காலிக ஆள் என்று தப்பிக்க முன்பு ஒரு வழி இருந்தது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள்.

எதிர்த்தரப்பு அடுத்துச் சொல்லப்போவது, அவர் அஜாக்கிரதையாக இருந்தார், பெல்ட் மாட்டவில்லை, குடித்திருந்தார். வெறும் அஜாக்கிரதை இந்தச் சட்டத்தில் முதலாளிக்கு உதவாது. குடிபோதைதான் காரணம் என்றோ, கொடுத்த பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றிப் போட்டார் என்றோ நிரூபித்தால் மறுக்கலாம். அதிலும் மரணம், நிரந்தர முழு ஊனம் இரண்டுக்கும் அந்தக் காரணங்கள் செல்லாது. பெல்ட்டே கொடுக்காத சைட்டில் பெல்ட் மாட்டவில்லை என்று சொல்வதை ஆணையர்கள் நிறையவே கேட்டிருக்கிறார்கள்.

முத்திரைத்தாள் விஷயம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது என்கிறது 17-ஆவது பிரிவு. அப்படியென்றால் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, பிறகு வழக்கும் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்தத் தாளில் உரிமையை விடுகிற வரி மட்டும் இருக்காது. "நான் மேற்படி நபரிடம் வேலை பார்க்கவில்லை", "சொந்த வேலையாகச் சென்றபோது தவறி விழுந்தேன்" என்று நடுவில் இரண்டு வரி இருக்கும். உரிமையை விட்ட வரி செல்லாது, ஆனால் இந்த இரண்டு வரியும் உங்கள் வாயாலேயே சொன்ன உண்மையாகப் போய் உட்கார்ந்துவிடும். அவசரத்துக்குப் பணம் தேவைதான், எனக்குப் புரிகிறது. சிகிச்சைக்காகவோ, முன்பணமாகவோ என்று பேங்க் வழியாகத் தரச் சொல்லுங்கள், எந்தத் தாளும் இல்லாமல். தர மாட்டார்கள் என்றால் அவர்கள் எண்ணம் தெரிந்துவிடும்.

மனு போடுவது தொழிலாளர் துறையில் உள்ள இழப்பீட்டு ஆணையர் அலுவலகத்தில். விபத்து நடந்தது கோயம்புத்தூர் என்பதால் அங்கேதான் அலைய வேண்டும் என்று இல்லை. காயம்பட்டவர் வழக்கமாகக் குடியிருக்கும் பகுதிக்கான ஆணையரிடமும் போடலாம். பெங்களூரில் விழுந்த தர்மபுரிக்காரருக்கும், சென்னையில் விழுந்த பீகார் தொழிலாளிக்கும் இது பொருந்தும், ஆனால் தெரியாமலே ஊருக்குப் போய்ச் சும்மா இருந்துவிடுகிறார்கள். காலக்கெடு விபத்திலிருந்து இரண்டு வருடம், உங்களுக்கு 2027 ஜூலை வரை. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் ஒன்றரை இரண்டு வருடம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள். மாற்றுத்திறனாளிக்கு இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. வருகிற தொகையில் சதவீதம் கேட்கிற ஆள் யாராவது ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்திருந்தால் அவரைத் தவிருங்கள்.

அப்புறம், மச்சானுக்குச் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தார்களா என்று பாருங்கள். ஈ.எஸ்.ஐ.யில் பதிவான ஆள் என்றால் இந்த வழி அடைபட்டு, அங்கேயே ஊன உதவித்தொகை கேட்க வேண்டியிருக்கும். மேஸ்திரி ஆட்களுக்குப் பெரும்பாலும் இருக்காது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் அதிலும் உதவி கேட்டு விண்ணப்பியுங்கள். அது வேறு பணம், இது வேறு பணம். வாரியத்தில் வாங்கியதால் முதலாளியின் கடன் தீராது.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதே, பழைய சட்டம் போய்விட்டதே என்று யாராவது பயமுறுத்தினால், உங்கள் விபத்து அதற்கு முந்தியது, அன்றைக்கே பிறந்த உரிமை அது. புதிய தொகுப்பிலும் இதே 50, 60 சதவீதக் கணக்கும் வயதுக் காரணியும்தான். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் நடக்கும் விபத்தையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறார்கள் என்பது நல்ல மாற்றம்.

கடைசியாக ஒன்று. சைட் வாட்ஸ்ஆப் குரூப்பில் மச்சான் இருந்தாரா? மேஸ்திரி நீக்கியிருந்தாலும் பழைய மெசேஜ்கள் அவர் போனிலேயே இருக்கும். "நாளைக்கு செகண்ட் ஃப்ளோர் ஷீட் வேலை, எட்டு மணிக்கு எல்லாரும் வந்துடுங்க" என்று விபத்துக்கு முந்தின ராத்திரி மேஸ்திரி போட்ட ஒரு வாய்ஸ் மெசேஜ் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. போனை மாற்றுவதற்கோ அடகு வைப்பதற்கோ முன்னால் அதை வேறு இடத்தில் சேமித்து வையுங்கள், அந்தப் போனையும் பத்திரமாக வைத்திருங்கள்.